நாக்குக்கு எதுக்கு ஸார் டை?

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டிப் பாலுசெட்டி சத்திரத்தில் இறங்கினால், உள்ளே தள்ளி இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஐதீகம். புள் என்றால் பறவை. புள் குழி, புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயார் மரகதவல்லி. 'வறுத்த பயறை முளைக்க வைக்கும் தாயார்' என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுத்து, விடிந்ததும் அது முளை விட்டிருந்தால் பிள்ளை நிச்சயம் என்பது நம்பிக்கை.

என் மாமியார் ஊர் இதுதான். என் மனைவியின் மடியில் பயறு முளைத்ததா என்று நான் கேட்கவில்லை. பி.காம். படித்தவன். எங்கே ஆடிட் பண்ணலாம், எங்கே பண்ணக்கூடாது என்பது தெரியும். கல்யாணமாகி நாலாவது வருஷம் பெண் குழந்தை. 2 கிலோ 900 கிராம். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். 'தாயும் சேயும் நலம்' என்று எழுதிக் கொடுத்த பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

தலைப்பிரசவத்தில் புருஷனுக்கு என்ன வேலை? சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆறு சாத்துக்குடியுமாகப் போய் நிற்க வேண்டியது. "அப்பா மூக்கு அப்படியே வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் அசட்டுத்தனமாகச் சிரிக்க வேண்டியது. ஞாயிறு சாயந்திரம் கிளம்ப வேண்டியது. நானும் அப்படித்தான் இருந்திருப்பேன், அந்த இரண்டாவது சனிக்கிழமை மட்டும் இல்லாவிட்டால்.

குழந்தைக்கு அன்று பன்னிரண்டாம் நாள். வாசலிலேயே அழுகுரல் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு. உள்ளே போனால், மகள் ஒரு பக்கம், அவள் அம்மா ஒரு பக்கம்.

"வாங்க மாப்பிள்ளை" என்ற மாமியார் குரலில் சுரத்தே இல்லை. மனைவியின் பாட்டி, எங்கள் பக்கத்தில் ஆயா என்போம், திண்ணையிலிருந்து தீர்ப்பை வாசித்தார்.

"அவளுக்குப் பால் பத்தல. அதான் கொயந்த ராவும் பகலும் அயுவுது. ஒரு டப்பா பவுடர் வாங்கியாந்து குடு. அந்தக் காலத்துல நாங்கல்லாம் ஆறு பெத்தோம், இப்படியா இருந்தோம்?"

மனைவி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "ஏங்க, பால் இருக்குங்க. ஆனா இவ வாய் வச்சா உயிரே போவுது. பிளேடால கீர்ற மாதிரி இருக்கு. புண்ணாயிடுச்சு. யார்கிட்ட சொன்னாலும், மொதப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோன்றாங்க."

எனக்கு என்ன தெரியும்? ஆனால் கணக்கு எழுதத் தெரியும். பெட்டிக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி பேரேடு போட்டேன். எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம், எத்தனை தடவை ஒன்றுக்கு, எத்தனை தடவை வெளிக்கு. சனி இரவு எட்டிலிருந்து ஞாயிறு இரவு எட்டு வரை. மாமனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னா மாப்பிள்ளை, வட்டிக் கணக்கா?"

24 மணி நேரத்தில் 14 தடவை பால். தடவைக்கு சராசரி 50 நிமிஷம். கூட்டினால் கிட்டத்தட்ட 12 மணி நேரம்! ஒரு நாளில் சரிபாதி பாலைக் குடித்துக்கொண்டே இருக்கிறாள். ஆனால் ஒன்றுக்குப் போனது நாலே தடவை. பிறந்து ஐந்து நாளான குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் போக வேண்டும். வரவு எழுதிய இடத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது, செலவுப் பக்கம் காலி. எங்கேயோ டேலி ஆகவில்லை. ஆபீஸில் இப்படி ஒரு கணக்கு வந்தால் என்ன செய்வோம்? ஏதோ வழியில் ஒழுகுகிறது என்போம் இல்லையா?

பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. குழந்தை பால் குடிக்கும்போது 'க்ளக்... க்ளக்...' என்று ஒரு சத்தம். நாம் 'ஐயோ பாவம்' என்று நாக்கைச் சப்புக் கொட்டுவோமே, அந்தச் சத்தம். கடைவாயில் பால் வழிகிறது. பத்து நிமிஷத்தில் களைத்துத் தூங்கிவிடுகிறாள், கீழே போட்டால் உடனே பசியோடு அலறுகிறாள்.

திங்கட்கிழமை கிராம சுகாதார நர்ஸம்மா வந்தார். நான் சென்னைக்குப் போகவில்லை. அவர் தராசைத் தொங்கவிட்டுக் குழந்தையைத் துணித் தூளியில் போட்டு எடை பார்த்தார். 2 கிலோ 680.

பிறந்த குழந்தைக்கு முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயற்கை. பத்து சதவீதம் வரை இறங்கலாம். ஆனால் பத்திலிருந்து பதினாலு நாளுக்குள் பிறந்தபோது இருந்த எடைக்கே திரும்பிவிட வேண்டும். அப்புறம் நாளொன்றுக்கு 20-30 கிராம் ஏற வேண்டும். எங்கள் வீட்டு அம்மணி பதினாலாம் நாளில் 220 கிராம் கடன்.

நர்ஸம்மா என் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். (சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.) "பால் கொறைச்சல்னு யாரு சொன்னது? நாக்கைத் தூக்கிப் பாத்தாங்களா யாராச்சும்?"

யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டிலும் சரி. மூக்கு யாருடையது, காது யாருடையது என்று பார்த்தோமே ஒழிய நாக்கை யாரும் பார்க்கவில்லை.

குழந்தை அழ ஆரம்பித்ததும் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். அழும்போது நாக்கின் நுனி மேலே தூக்க வேண்டும். இவளுக்கு ஓரங்கள் இரண்டும் தூக்கின, நடு நுனி கீழேயே மாட்டிக்கொண்டு நின்றது. நுனியில் ஒரு பள்ளம். காதல் கடிதத்தில் அம்பு விட்டு வரைவோமே, அந்த இதய வடிவம்! நாக்குக்கு அடியில் மெல்லிசாக, வெள்ளையாக ஒரு சவ்வு, நுனி வரைக்கும் வந்து கீழே கட்டியிருந்தது.

மறுநாள் காஞ்சிபுரத்தில் குழந்தை டாக்டர். "இதுக்குப் பேரு டங்-டை" என்றார்.

டை கட்டிய மெடிக்கல் ரெப் பார்த்திருக்கிறேன், எல்.கே.ஜி. பிள்ளை பார்த்திருக்கிறேன். நாக்குக்கு எதற்கு ஸார் டை?

எல்லாருக்குமே இருக்கிறதாம். கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே மடக்கிப் பாருங்கள். (ஆபீஸில் வேண்டாம், மேனேஜர் தப்பாக எடுத்துக்கொள்வார்.) நாக்குக்கும் வாயின் தரைக்கும் நடுவே ஒரு மடிப்பு தெரியும். ஊரில் இதை 'நாக்கு நரம்பு' என்பார்கள். நரம்பு இல்லை, வெறும் சவ்வு மடிப்பு. சிலருக்கு இது குட்டையாகவோ, தடிப்பாகவோ, ரொம்ப முன்னால் வந்தோ அமைந்துவிட்டால் நாக்கு கட்டிப் போட்ட கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிடுகிறது. கயிறு எவ்வளவோ அவ்வளவுதான் மேயலாம். ஆண் பிள்ளைகளிடம்தான் கொஞ்சம் அதிகம் என்கிறார்கள். எங்களுக்குப் பெண்ணிடம் வந்தது.

குழந்தை பால் குடிப்பதை நாம் ஏதோ ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் வேறு. குழந்தையின் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வெளியே வந்து, மார்பைக் கீழிருந்து தாங்கி, நடுவில் ஒரு வாய்க்கால் மாதிரி குழிந்து, பின்பக்கம் கீழே இறங்க வேண்டும். அப்போது வாய்க்குள் காற்றில்லாத இடம் உண்டாகிப் பால் வருகிறது. ஈறுக்கும் அம்மாவுக்கும் நடுவே நாக்கு மெத்தையாக இருக்கிறது. நாக்கு முன்னால் வர முடியாவிட்டால் மெத்தை இல்லை. ஈறு நேராகக் கடிக்கிறது. பிடி நழுவி நழுவிப் போகிறது, அதுதான் அந்த 'க்ளக்'. பால் சரியாக இறங்காது. இறங்காத பால் தேங்கினால் நாளடைவில் சுரப்பும் குறையும். அப்போது ஆயா சொன்னது உண்மையாகிவிடும்!

பாட்டில் விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாக்கு கட்டிய குழந்தைகளில் பல, பாட்டிலில் சமர்த்தாகக் குடித்துவிடும். பாட்டிலில் கவிழ்த்தாலே சொட்டுகிறதே. உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "பாத்தியா, பாட்டில்ல குடிக்குது. கோளாறு அவகிட்டதான்." பச்சை உடம்புக்காரி தலையில் இப்படி எத்தனை பழி விழுந்திருக்குமோ.

டாக்டர் உடனே கத்திரிக்கோலைத் தேடவில்லை. அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. "இங்கேயே பால் கொடுக்கச் சொல்லுங்க, பார்க்கணும்" என்றார். ஒரு பெண் டாக்டர் உள்ளே போய் முழுசாக இருந்து பார்த்தார். அப்புறம் மார்க் போட்டார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர்க்காரர்கள் 2015இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. நாலே கேள்விகள். நுனி எப்படி இருக்கிறது, சவ்வு கீழே எங்கே ஒட்டியிருக்கிறது, அழும்போது நாக்கு எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு வெளியே நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், மொத்தம் 8. எங்கள் பெண் வாழ்க்கையில் எழுதிய முதல் பரீட்சையில் எடுத்தது 3. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

மார்க் போடுவது டாக்டர் வேலை. நீங்களும் நானும் வீட்டில் கவனிக்கக் கூடியது என்ன? கீழுதட்டை விரலால் மெல்ல வருடினால் குழந்தை நாக்கை நீட்டும். ஈறைத் தாண்டி உதட்டுக்கு மேல் வருகிறதா என்று பார்க்கலாம். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கைகழுவி, விரலின் சதைப் பக்கம் மேலே இருக்கும்படி வாயில் கொடுத்தால், நாக்கு விரலைச் சுற்றி இதமாக உறிஞ்சுகிறதா, ஈறால் கறுக்கென்று கடிக்கிறதா என்பது தெரியும். பால் குடித்து முடித்ததும் அம்மாவிடம் கேளுங்கள். காம்பு உருண்டையாக வெளியே வருகிறதா, பேனா நிப் மாதிரி ஒரு பக்கம் சப்பையாக வெளுத்து வருகிறதா? எல்லாவற்றுக்கும் மேலே எடையும் ஈரத்துணிக் கணக்கும். இந்தக் கணக்கு எழுதுவதற்குப் புருஷனைத் தவிர வீட்டில் வேறு யார் சும்மா இருக்கிறார்கள், சொல்லுங்கள்?

ஒரு எச்சரிக்கை. குழந்தை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, ஒன்றுக்கே போகாமல் இருந்தாலோ, மஞ்சள் கால் வரை பரவியிருந்தாலோ, நாக்கு, நோட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

முதலில் செய்தது பிடிப்பை மாற்றியது. குழந்தையின் வயிறு அம்மா வயிற்றோடு ஒட்டி, முகவாய் மார்பில் அழுந்தி, வாயை 'ஆ'வென்று பெரிதாகத் திறந்த பிறகு காம்பை மட்டுமில்லாமல் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். மீதிப் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊட்டினோம். (பாலாடை! மூன்று தலைமுறையாக மாமியார் வீட்டுப் பரணில் கிடந்த வெள்ளிப் பாலாடை. அதைத் தேடி எடுத்தது ஆயாதான். அவர் மேல் எனக்கிருந்த பாதிக் கோபம் போயிற்று.) இரண்டு நாளில் குழந்தை 50 கிராம் ஏறினாள். ஆனால் மனைவியின் வலி குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் கட்டை விரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு...

மூன்றாம் நாள் டாக்டர், "வெட்டி விட்டுடலாம்" என்றார்.

'வெட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பிறந்ததும் வைட்டமின் 'கே' ஊசி போட்டார்களா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத கோளாறு உண்டா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். குழந்தையைத் துணியில் கோழிக் குஞ்சு மாதிரி சுற்றினார்கள். நாக்கைத் தூக்கிப் பிடித்து, முனை மழுங்கிய கத்திரிக்கோலால் ஒரே ஒரு 'க்ரிச்'. அவ்வளவுதான். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு சொட்டு ரத்தம். அழுதாள், தடுப்பூசிக்கு அழுததில் பாதி. உடனே அம்மா மடியில். என் மனைவி வழக்கம்போல் பல்லைக் கடித்துத் தயாரானாள். அப்புறம் மெதுவாகப் பல்லை விட்டாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கண் கொஞ்சம் மங்கலாயிற்று. ஆஸ்பத்திரி பினாயில் நெடி, வேறொன்றுமில்லை.

வெட்டிய இடத்தில் சில நாள் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கும். சீழ் பிடித்துவிட்டது என்று மாமியார் பதறினார். அது ஆறுகிற அடையாளம், துடைக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

ஒரு மாதம் முடிந்தபோது 3 கிலோ 250. கடன் அடைந்து லாபம் 350. நான் டாக்டரைக் கேட்டேன், "வெட்டினதால சரியாச்சா, பிடிப்பை மாத்தினதால சரியாச்சா?" அவர் சிரித்தார். "ரெண்டுலயும் பங்கு இருக்கும். எது எவ்வளவுன்னு நீங்க நோட்டுல எழுதினாக்கூட சொல்ல முடியாது."

இந்த பதிலின் அருமை அடுத்த மாதம்தான் புரிந்தது.

சித்தப்பா பெண் ஒருத்திக்கு உத்திரமேரூரில் பையன் பிறந்தான். எங்கள் கதைதான் குடும்பம் முழுக்கப் பரவியிருந்ததே, யாரோ நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். அதே இதய வடிவம்! வாட்ஸ்-அப் குரூப்பில் போட்டோ வந்தது. பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 920 வாக்கில், குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டில் பொறித்து வைத்த ஊர் அல்லவா? குரூப்பிலும் ஓட்டெடுப்பு நடந்தது. பதினேழு பேரில் பதினைந்து பேர் 'வெட்டிடு'. அமெரிக்காவிலிருந்து ஒருவர் 'லேசர் பெஸ்ட்' என்றார். நானும் வெட்டு கட்சிதான். அனுபவஸ்தன் இல்லையா!

அதே டாக்டரிடம் போனார்கள். அவர் பால் கொடுப்பதைப் பார்த்தார். எடையைப் பார்த்தார். அம்மாவைக் கேட்டார். வலி இல்லை. பையன் கால் மணி நேரத்தில் குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறான். எடை ஜம்மென்று ஏறுகிறது. "இந்த நாக்கு அது வேலையை ஒழுங்கா பாக்குது. அதை ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்று அனுப்பிவிட்டார். பதினைந்து ஓட்டும் செல்லாத ஓட்டு.

அவர் சொன்னது அவர் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. நாக்குக் கட்டு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் பால் குடிப்பதில் சிரமம் வருகிறது. லேசர், கத்திரிக்கோலைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. உதட்டில் கட்டு, கன்னத்தில் கட்டு என்று சொல்லி அங்கேயும் வெட்டுவதை அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் இப்படி எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளுக்கு நாக்குக் கட்டு என்று பதிவானது 1997இல் சுமார் 4 ஆயிரம். 2012இல் சுமார் 33 ஆயிரம். பதினைந்து வருஷத்தில் அமெரிக்க நாக்குகள் திடீரென்று குட்டையாகிவிடவில்லை, பார்க்கிற கண்கள்தான் மாறிவிட்டன. 2017இல் ஐந்து ஆய்வுகளை, 302 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த விடையும் அடக்கமானதுதான். வெட்டினால் தாயின் வலி அப்போதைக்குக் குறைகிறது. குழந்தை குடிப்பது மேம்படுகிறதா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம்.

பிரேசிலில் மட்டும் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாக்கைச் சோதிக்க வேண்டும் என்று 2014இல் சட்டமே போட்டார்கள். நம் நாட்டில் 2013இல் வந்த ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய திட்டத்தின் பிறவிக் குறைப் பட்டியலில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உண்டு, நாக்குக் கட்டு தனியாகக் கிடையாது. ஆகவே இங்கே அது கண்ணில் படுவது வீட்டு ஆட்களையும் அந்த நர்ஸம்மா மாதிரி ஒருவரையும் பொறுத்தது. ஐரோப்பாவில் பழைய நாளில் மருத்துவச்சிகள் இதற்கென்றே ஒரு விரலில் நகம் வளர்த்து, பிறந்த கையோடு கிழித்து விடுவார்களாம். நல்லவேளை, ஆயாவுக்கு இதை நான் சொல்லவில்லை.

சரி, பால் ஆயிற்று, பேச்சு? "நாக்கு ஒட்டியிருந்தா பேச்சு வராதே!" என்பதுதான் நம் ஊரில் எல்லாருக்கும் உள்ள பெரிய பயம். உத்திரமேரூர் பையனின் அப்பாவும் இதையே கேட்டார்.

நாக்கு நுனிக்குத் தமிழ் கொடுக்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. நாக்கின் நுனி மேலே உயர்ந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் எழுதி வைத்துவிட்டார். 'திருப்புட்குழி' என்று சொல்லிப் பாருங்கள். ரு, ட், ழி என்று மூன்று இடத்தில் நாக்கு மாடி ஏற வேண்டும். ராமானுஜர் இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டு, குருவோடு வாதம் செய்த ஊர் என்று வேறு சொல்கிறார்கள். ஊரே நாக்குக்குப் பரீட்சை!

ஆனால் எங்கள் ஆயாவைப் பாருங்கள். எண்பது வருஷமாக அதே ஊரில் இருந்துகொண்டு 'புட்குயி' என்கிறார். கொயந்த, வாயப்பயம், அயுவுது. தெற்கே போனால் வாளப்பளம். இவர்களுக்கெல்லாம் நாக்குக் கட்டா? ஆயா நாக்கை நீட்டினால் முகவாயைத் தொடும், நானே பார்த்திருக்கிறேன், கொழுந்தனாரைத் திட்டும்போது. பேச்சு என்பது காதில் விழுந்து நாக்கு பழகுவது. நாக்குக் கட்டு இருந்தும் நுனியைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துச் சமாளித்துத் தெளிவாகப் பேசுகிறவர்கள் ஏராளம். பின்னாளில் பேச்சு நன்றாக வரவேண்டும் என்று கைக்குழந்தைக்கு முன்கூட்டியே வெட்டி வைப்பதற்கு ஆதாரம் இல்லை என்றார் டாக்டர். வளர்ந்து, சில எழுத்துக்கள் மட்டும் பிடிவாதமாக வராவிட்டால் அப்போது பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டலாம்.

நாக்குக் கட்டால் சில ஒலிகள் மழுங்கலாம், ஆனால் பேச்சே வராமல் போகாது. எனக்குத் தெரிந்த ஒருவர், அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காரர், இரண்டு வயசாகியும் பேசாத மகனை 'நாக்கு நரம்பை' வெட்டச் சொல்லிக் கூட்டிப் போனார். நாக்கு சரியாகத்தான் இருந்தது. காதைச் சோதித்ததில்தான் கேள்விக் குறைவு தெரிந்தது. நாக்கைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் போயிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆயா படிக்க மாட்டார் என்ற தைரியத்தில். பேச்சு வரட்டும் என்று வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது, பிறந்ததும் தேன் தொட்டுச் சேனை வைப்பது, இரண்டும் வேண்டாம். ஒரு வயசுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் நரம்புகளையே முடக்கிவிடும். வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1968இலேயே தடை போட்டுவிட்டார்கள். 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பட்டம் அதற்கு யார் கொடுத்ததோ! வேண்டுமானால் கையில் காப்பாகக் கட்டி அழகு பார்க்கலாம் என்றால், அதையும் வாயில்தான் வைக்கும்.

எங்கள் மகளுக்கு இப்போது ஐந்து மாதம். பெயர், மாமியார் இஷ்டப்படி, மரகதவல்லி. போன சனிக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாகப் போனேன். திண்ணையில் ஆயா மடியில் உட்கார்ந்திருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் நாக்கை நன்றாக, முழுசாக, முகவாய் வரைக்கும் நீட்டினாள்.

"பாருங்க மாப்பிள்ளை, உங்களைப் பாத்து எப்படிப் பழிக்குது!" என்று மாமியார் சிரித்தார்.

பையிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, தேதி போட்டு, வரவில் எழுதிக்கொண்டேன்.